ஒற்றைக் காலுக்கு ஏற்ற தூரம் எது? நாட்டலி டு டோய் நீந்திய கணக்கு

2008 ஆகஸ்ட் 20. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 10 கிலோமீட்டர் நீச்சல். களமிறங்கிய 25 பேரில் தென்னாப்பிரிக்காவின் நாட்டலி டு டோய்க்கு இடது கால் முழங்காலிலிருந்தே கிடையாது. அவர் 16-ஆவதாகக் கரை சேர்ந்தார். அடுத்த மாதம் அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில் ஐந்து தங்கம் வென்றார்.

இந்தச் செய்தியைப் படிப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் வருவது இயல்பு. ஒலிம்பிக்கில் நீந்தும் அளவுக்குத் திறன் இருப்பவர் பாராலிம்பிக்கில் போட்டியிடுவது மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா? பாராலிம்பிக்கில் இடம்பெறும் அளவுக்குக் குறைபாடு இருப்பவர் ஒலிம்பிக்கில் எப்படி 16-ஆம் இடம் பிடித்தார்? பெரும்பாலான பத்திரிகைகள் ‘மன உறுதி’ என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டையும் கடந்துபோயின. மன உறுதி இருந்தது உண்மைதான். அது அந்த 25 பேருக்கும் இருந்தது. விடை வேறு இடத்தில் இருக்கிறது: காலின் பங்கு பந்தயத்துக்குப் பந்தயம் மாறுகிறது. அந்தப் பங்கு மிகக் குறைவாக உள்ள பந்தயத்தை டு டோய் தேர்ந்தெடுத்தார்.

வாழ்க்கை, சுருக்கமாக

1. 1984 ஜனவரி 29 அன்று கேப் டவுனில் பிறந்தார். 1998-இல், 14 வயதில், கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் தென்னாப்பிரிக்காவுக்காக நீந்தினார். 2000 சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பு நூலிழையில் தவறியது.

2. 2001 பிப்ரவரியில், நீச்சல் பயிற்சி முடித்து ஸ்கூட்டரில் திரும்பும்போது கார் மோதியது. இடது கால் முழங்கால் மூட்டோடு அகற்றப்பட்டது. செயற்கைக் காலுடன் நடக்கப் பழகும் முன்பே நீச்சல் குளத்துக்குத் திரும்பிவிட்டார்.

3. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான 50 மீட்டர், 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும் தங்கம். அதே போட்டியில், பொதுப் பிரிவு 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இறுதிச் சுற்றுக்கு முன்னேறினார். போட்டியின் தலைசிறந்த வீரருக்கான டேவிட் டிக்சன் விருது அவருக்குக் கிடைத்தது.

4. 2003-இல் ஐதராபாத்தில் நடந்த ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டில், பொதுப் பிரிவிலேயே, 800 மீட்டரில் வெள்ளியும் 400 மீட்டரில் வெண்கலமும் பெற்றார்.

5. பாராலிம்பிக் கணக்கு: 2004 ஏதென்ஸில் 5 தங்கம், 1 வெள்ளி, 2008 பெய்ஜிங்கில் 5 தங்கம், 2012 லண்டனில் 3 தங்கம், 1 வெள்ளி. மொத்தம் 13 தங்கம், 2 வெள்ளி. லண்டனோடு ஓய்வு பெற்றார்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பொதுப் பிரிவில் அவருக்குப் பலன் கிடைத்தவை 400, 800 மீட்டர், 10 கிலோமீட்டர் ஆகியவை. 50 மீட்டரோ 100 மீட்டரோ அந்த வரிசையில் இல்லை.

நீரில் கால் என்னென்ன வேலை செய்கிறது?

காலின் வேலை உதைத்துத் தள்ளுவது மட்டும் என்று நினைத்தால் இந்தக் கணக்கு புரியாது. ஒரு நீச்சல் பந்தயத்தில் கால் ஐந்து இடங்களில் வேலை செய்கிறது.

1. டைவ். தொடக்க மேடையிலிருந்து பாயும் விசை பெரும்பாலும் காலிலிருந்து வருகிறது. ஒற்றைக் காலில் நிற்பவருக்கு விசை குறைவது ஒரு பக்கம். தொடக்க ஒலி கேட்கும்வரை ஆடாமல் நிற்பதே தனி வேலை. சற்றே சாய்ந்தாலும் பாய்ச்சல் நேராகப் போகாமல் பக்கவாட்டில் விழும்.

2. டர்ன். சுவரை எட்டியதும் குட்டிக்கரணம் போட்டு இரு பாதங்களாலும் உந்த வேண்டும். ஒற்றைப் பாதத்தால் உந்தினால் விசை உடலின் நடுக்கோட்டில் விழாது. உடல் ஒரு பக்கம் திருகிக்கொள்ளும். திருகலைச் சரிசெய்யும் அரை நொடியில் வேகம் போய்விடும்.

3. நீருக்கடியில் செல்லும் தூரம். ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்துவது), பட்டர்ஃபிளை (இரு கைகளையும் ஒருசேர வீசி நீந்துவது) மூன்றிலும் டைவுக்குப் பின்னும், ஒவ்வொரு டர்னுக்குப் பின்னும் 15 மீட்டர் வரை தலை மூழ்கியபடியே செல்லலாம். அந்தத் தூரம் முழுவதும் கைகள் நீட்டியபடி இருக்கும். இடுப்புக்குக் கீழிருந்து எழும் டால்ஃபின் உதை (இரு கால்களும் சேர்ந்து அலைபோல் அடிப்பது) மட்டுமே உடலை முன்னே கொண்டுபோகும். 50 மீட்டர் குளத்தில் 100 மீட்டர் பந்தயம் என்றால் 30 மீட்டர் வரை இப்படியே போகலாம். ஒற்றைக் கால் நீச்சலாளருக்குப் பெரிய இழப்பு நேர்வது இங்கேதான். தொலைக்காட்சியில் மேற்பரப்பை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

4. உந்துதல். ஃப்ரீஸ்டைலில் முன்னேற்றத்தின் பெரும்பகுதி கைகளால் வருகிறது. பட்டர்ஃபிளையில் உதையின் பங்கு கூடும். தவளைபோல் உதைத்து நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் கால்தான் முதன்மை.

5. சமநிலை. ஃப்ரீஸ்டைலில் ஒவ்வொரு கை வீச்சுக்கும் உடல் ஒரு பக்கம் உருளும். எதிர்ப்பக்கக் காலின் உதை அந்த உருளலுக்குக் கடிவாளம் போடும். இடுப்பும் தாழாமல் இருக்கும். இடுப்பு தாழ்ந்தால் உடல் நீரைக் கிழிப்பதற்குப் பதில் நீரைத் தள்ளத் தொடங்கும். ஒரு கால் இல்லாதவருக்கு ஒரு பக்க உருளலுக்கு மட்டும் கடிவாளம் உண்டு, மறுபக்கத்துக்கு இல்லை. இதை ஈடுகட்ட, இருக்கும் கால் உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் குறுக்கே உதைக்கப் பழகுகிறது. மீதியை வயிற்றுத் தசைகளும் கை நீரில் இறங்கும் அகலமும் பார்த்துக்கொள்கின்றன.

இந்த ஐந்தையும் தூரத்தோடு பொருத்திப் பாருங்கள். 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் டர்ன் இல்லை. ஆனால் டைவின் பங்கு மிகப் பெரிது, உதையும் உச்ச வேகத்தில் இருக்க வேண்டும். 100 மீட்டர் பட்டர்ஃபிளையில் ஒரு டைவ், ஒரு டர்ன், இரண்டு நீண்ட நீரடித் தூரங்கள், இடைவிடாத உதை என எல்லாமே காலைக் கேட்கின்றன. 800 மீட்டரில் 15 டர்ன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நேரம் கழியும். ஆனால் நீண்ட தூர நீச்சலாளர்கள் பெரும்பாலும் கை ஒரு சுற்று வர இரண்டே உதை கொடுப்பவர்கள். தொடைத் தசைகள் ஏராளமான ஆக்சிஜனைத் தின்பவை. எட்டு ஒன்பது நிமிடம் முழு உதை கொடுத்தால் கைக்கு மிஞ்சாது. எனவே இரண்டு கால் இருப்பவரும் அங்கே காலைச் சிக்கனமாகத்தான் செலவழிக்கிறார்.

ஆற்றிலோ ஏரியிலோ கடலிலோ நடக்கும் 10 கிலோமீட்டரில் சுவரே கிடையாது. டர்ன் பூஜ்யம். தொடக்கப் பாய்ச்சல் ஒன்றே ஒன்று; இரண்டு மணி நேரப் பந்தயத்தில் அதன் பங்கு கணக்கில் வராது. ஐந்து வேலைகளில் முதல் மூன்றும் கழிந்துவிட்டன. நான்காவது சுருங்கிவிட்டது. ஐந்தாவது ஒன்றுதான் முழுதாக மிஞ்சுகிறது.

எண்களில் எவ்வளவு வித்தியாசம்?

பெய்ஜிங் 10 கிலோமீட்டரில் தங்கம் வென்ற ரஷ்யாவின் லாரிசா இல்சென்கோவின் நேரம் 1 மணி 59 நிமிடம் 27.7 நொடி. டு டோய் எடுத்தது 2 மணி 0 நிமிடம் 49.9 நொடி. வித்தியாசம் 82.2 நொடி, அதாவது நூற்றுக்கு 1.1 சொச்சம்.

இதை 100 மீட்டர் பட்டர்ஃபிளையோடு ஒப்பிடலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டானா வோல்மர் 55.98 நொடியில் தங்கம் வென்றார். சில வாரங்கள் கழித்து அதே குளத்தில் டு டோய் பாராலிம்பிக் தங்கம் வென்ற நேரம் 1 நிமிடம் 9 நொடிச் சொச்சம். வித்தியாசம் நூற்றுக்கு இருபதைத் தாண்டுகிறது.

முழு வித்தியாசத்தையும் காலின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. டு டோய் இயல்பிலேயே நீண்ட தூரக்காரர். வோல்மர் குறுந்தூரக்காரர், அன்று நீந்தியது உலக சாதனை. திறந்தவெளி நீச்சலில் கூட்டமாகச் செல்வதால் எல்லோருடைய நேரமும் நெருங்கியே வரும் என்பதும் உண்மை. அந்தக் கழிவுகளையெல்லாம் கொடுத்த பிறகும் ஒன்றுக்கும் இருபதுக்கும் உள்ள இடைவெளி பேசுகிறது.

எஸ்9 என்றால் என்ன?

பாரா நீச்சல் முடிவுப் பட்டியலில் பெயருக்கு அருகே எஸ்9, எஸ்பி8, எஸ்எம்9 போன்ற குறிகள் இருக்கும். எஸ் என்பது ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றுக்கும். எஸ்பி என்பது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மட்டும். எஸ்எம் என்பது நான்கு வகையும் கலந்த மெட்லிக்கு. 1 முதல் 10 வரை உடல் குறைபாடு. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் மட்டும் இது 9-இல் முடிந்துவிடும். 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு. 14 அறிவுத்திறன் குறைபாடு. உடல் குறைபாட்டு வகைகளில் எண் குறையக் குறையக் குறைபாடு அதிகம்.

உடல் குறைபாட்டு வகை எப்படி முடிவாகிறது என்பதில்தான் குழப்பம் அதிகம். ஒரு தடத்தில் கை இல்லாதவர், அடுத்த தடத்தில் குள்ள உருவம் கொண்டவர், அதற்கடுத்து மூளை முடக்குவாதம் உள்ளவர் என்று ஒரே பந்தயத்தில் நிற்பதைப் பார்த்து, ‘இது என்ன நியாயம்’ என்று கேட்பவர்கள் உண்டு. முன்பெல்லாம் மருத்துவக் காரணத்தை வைத்தே பிரித்தார்கள். 1972 ஹைடல்பெர்க் போட்டி வரை பங்கேற்றவர்கள் தண்டுவடப் பாதிப்பு போன்றவற்றால் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள்தான். அந்தப் போட்டியின் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைலில்தான், 1965 போரில் குண்டடிபட்ட இந்திய ராணுவ வீரர் முரளிகாந்த் பேட்கர் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். உறுப்பு இழந்தவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் கதவு திறந்தது 1976 டொரொன்டோவில்தான். ஒவ்வொரு காரணத்துக்கும் தனித்தனிப் பிரிவு வைக்கப்போய், இரண்டு மூன்று பேர் மட்டும் நீந்தும் பந்தயங்கள் பெருகின. 1990-களில் நிலைபெற்ற முறை கேள்வியை மாற்றியது: குறைபாட்டுக்குக் காரணம் எது என்பதை விட்டு, அது நீச்சலை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்டது.

டு டோய் காலத்தில் நடப்பிலிருந்த புள்ளிக் கணக்கு இது.

1. எஸ் வகைக்கு முழுத் திறன் 300 புள்ளி. கைகளுக்கு 130, கால்களுக்கு 100, நடுவுடலுக்கு 50, டைவுக்கு 10, டர்னுக்கு 10.

2. 285-க்கு மேல் பெற்றால் பாரா நீச்சலுக்குத் தகுதியில்லை. எஸ்10 என்பது 266 முதல் 285 வரை. எஸ்9 என்பது 241 முதல் 265 வரை. இப்படியே 25, 25 புள்ளியாக இறங்கும்.

3. எஸ்பி வகைக்கு முழுத் திறன் 290. இதில் கைகளுக்கு 110-தான், கால்களுக்கு 120. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் கால் முதன்மை என்பதை இந்த ஒதுக்கீடே சொல்கிறது.

4. எஸ்எம் வகை ஒரு சராசரி. எஸ் எண்ணை மூன்றால் பெருக்கி, எஸ்பி எண்ணைக் கூட்டி, நான்கால் வகுக்க வேண்டும். குறைபாடு மிகுந்த கீழ் வகைகளுக்கு இரண்டால் பெருக்கி, மூன்றால் வகுப்பார்கள். அவர்களுக்கு மெட்லியில் பட்டர்ஃபிளை இல்லாததே காரணம்.

இப்போது ஒரு கால் இல்லாதவரைப் பொருத்திப் பார்க்கலாம். கால்களுக்கான 100-இல் ஒரு காலின் பங்கு 50. அந்த 50-உம் போனதாகவே வைத்தாலும் 250 மிஞ்சும். டைவிலும் டர்னிலும் சில புள்ளிகள் குறையலாம். எப்படிப் பார்த்தாலும் எஸ்9 எல்லைக்குள்தான் வரும். முழங்காலோடு இழந்தவருக்குத் தொடையும் இடுப்பு அசைவும் மிஞ்சுவதால் கழிவு 50-ஐவிடக் குறையும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் ஒரு காலின் பங்கு 60. முழங்கால், கணுக்கால் இரண்டும் இல்லாமல் அந்த உதையே இல்லை என்பதால் கழிவு கூடும், எஸ்பி8-க்கு இறங்கும். மெட்லிக்கு மூன்று ஒன்பது 27, அதோடு 8 கூட்டினால் 35, நான்கால் வகுத்தால் 8.75. முழு எண்ணாக்கினால் எஸ்எம்9.

முதல் சந்தேகத்துக்கு விடை இங்கே கிடைக்கிறது. டு டோய் எஸ்9-இல் நீந்தியபோது எதிரே இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு திறனை இழந்தவர்கள். லண்டனில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் அவரை வென்று தங்கம் எடுத்த ஆஸ்திரேலியாவின் எல்லி கோலுக்கும் ஒரு கால் இல்லை. ஒலிம்பிக்கில் நீந்தியதால் டு டோய்க்குக் கால் முளைத்துவிடாது. வகைப்பாடு உடலை அளக்கிறது, பதக்கங்களை அளப்பதில்லை.

பாராலிம்பிக்கில் அவருடைய பந்தயமே இல்லை

பாராலிம்பிக் நீச்சலில் மிக நீண்ட பந்தயம் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். 800 இல்லை, 1,500 இல்லை, திறந்தவெளி நீச்சலும் இல்லை. காலிழப்பு மிகக் குறைவாகப் பாதிக்கும் தூரம் பாராலிம்பிக் நிரலிலேயே கிடையாது. ஒலிம்பிக்கில் 10 கிலோமீட்டர் முதன்முதலாக இடம்பெற்றதோ 2008-இல். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு அவரால் தகுதி பெற முடியவில்லை. புதிய பந்தயம் வந்ததும் அதற்கே முழுமையாகத் தயாரானார். ‘பாராலிம்பிக்கைத் தாண்டி ஒலிம்பிக்கைத் தொட்டார்’ என்று எழுதுவது கவர்ச்சியாக இருக்கும். நடந்தது, தனக்குப் பொருந்தும் பந்தயம் எங்கே இருந்ததோ அங்கே போனார் என்பதுதான்.

தகுதி பெற்ற வழியிலும் சலுகை எதுவும் இல்லை. 2008 மே மாதம் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த உலகத் திறந்தவெளி நீச்சல் போட்டியில் முதல் 10 இடம் பெறுபவர்களுக்கு நேரடி நுழைவு என்று விதி. டு டோய் நான்காவதாக வந்தார்.

செவிலில் நான்காம் இடம், பெய்ஜிங்கில் பதினாறாம் இடம். ஏன் இந்த இறக்கம்? திறந்தவெளிப் பந்தயம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் இதில் ஆச்சரியம் இல்லை.

1. எல்லோரும் ஒரே கூட்டமாகச் செல்வார்கள். முன்னால் செல்பவரின் பாதத்தை ஒட்டியோ இடுப்பை ஒட்டியோ நீந்தினால் நீரின் எதிர்ப்பு கணிசமாகக் குறையும். அந்த இடத்துக்குத்தான் அடிதடி.

2. மிதவைகளைச் சுற்றித் திரும்பும்போது கூட்டம் நெருங்கும். முழங்கைகளும் குதிகால்களும் படும். ஓரிரு உடல் நீளம் பின்தங்கினால், எட்டிப் பிடிக்கத் திடீர் வேகம் வேண்டும். திடீர் வேகத்துக்கு உதை வேண்டும்.

3. உணவு மேடையில் பயிற்சியாளர் நீண்ட கழியின் நுனியில் பானத்தை நீட்டுவார். மல்லாந்து திரும்பிக் குடித்துவிட்டு மறுபடி கவிழ்வதற்கு நொடிகள் போகும். கூட்டம் அதற்குள் நகர்ந்துவிடும்.

4. கடைசி ஓட்டம். ஒன்றரை மணி நேரம் இரண்டு உதையில் வந்தவர்கள் கடைசிச் சில நூறு மீட்டரில் ஆறு உதைக்கு மாறுவார்கள். இல்சென்கோ இதில் கைதேர்ந்தவர். பந்தயம் முழுவதும் முன்னணியின் பின்னால் ஒட்டி வந்து இறுதியில் முந்துவதே அவர் பாணி. பெய்ஜிங்கிலும் பிரிட்டனின் கெரி-ஆன் பெய்னை ஒன்றரை நொடியில்தான் வென்றார்.

சீரான வேகத்தில் கூட்டம் போகும்வரை ஒற்றைக் கால் பெரிய குறையாகத் தெரிவதில்லை. வேகம் மாறும் தருணங்களில், இரண்டாவதிலும் நான்காவதிலும், அது தெரிகிறது. கூட்டத்தின் நீர்த்தடத்தை ஒருமுறை விட்டுவிட்டால் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டரும் கூடுதல் செலவு. அந்தப் பந்தயத்தை அவர் தனக்குத் திருப்தியில்லாத பந்தயமாகவே கருதினார். 16-ஆம் இடத்துக்காகக் கைதட்டியவர்களைவிட அவருக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

செயற்கைக் கால் சர்ச்சை இவருக்கு ஏன் வரவில்லை?

அதே 2008-இல் இன்னொரு தென்னாப்பிரிக்கர் செய்திகளில் இருந்தார். இரு கால்களிலும் கார்பன் இழைத் தகடுகளுடன் ஓடிய ஆஸ்கர் பிஸ்டோரியஸ். தகடுகள் சாதகம் தருகின்றன என்று சர்வதேசத் தடகள அமைப்பு ஜனவரியில் தடை விதித்தது. விளையாட்டுத் தீர்ப்பாயம் மே மாதம் அதை நீக்கியது. அந்த ஆண்டு அவரால் தகுதி நேரத்தை எட்ட முடியவில்லை.

இருவரையும் ஒரே தட்டில் வைத்து எழுதியவர்கள் பலர். நீச்சலில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பாரா நீச்சல் பந்தயத்தில் செயற்கை உறுப்புக்கு அனுமதி கிடையாது. டு டோய் ஒலிம்பிக்கிலும் அப்படியே நீந்தினார். காலைக் கரையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் நீரில் இறங்கினார். அளப்பதற்கோ தடை செய்வதற்கோ கருவி எதுவும் இல்லை.

‘முதல்’ என்ற பட்டம்

‘ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் கால் இழந்தவர்’ என்று சில செய்திகள் டு டோயைக் குறிப்பிட்டன. அது தவறு. 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மரக்காலுடன் ஜிம்னாஸ்டிக்ஸில் போட்டியிட்ட அமெரிக்காவின் ஜார்ஜ் ஐசர் ஒரே நாளில் ஆறு பதக்கம் வென்றார், அதில் மூன்று தங்கம். ஹங்கேரியின் ஒலிவேர் ஹலாசிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. 1932, 1936 ஒலிம்பிக்குகளில் வாட்டர் போலோ தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1931 ஐரோப்பியப் போட்டியில் 1,500 மீட்டர் ஃப்ரீஸ்டைலிலும் சாம்பியன். அவருக்கும் கைகொடுத்தது நீண்ட தூரம்தான் என்பதைக் கவனிக்கலாம்.

டு டோய்க்கு உரியது வேறு ‘முதல்’: கால் இழந்த பெண்களில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல்வர். ஒரே ஆண்டில் ஒலிம்பிக், பாராலிம்பிக் இரண்டின் தொடக்க விழாவிலும் நாட்டின் கொடியை ஏந்திச் சென்ற பெருமையும் உண்டு.

வகைப்பாடு எங்கே தடுக்குகிறது?

உறுப்பு இழந்தவரை வகைப்படுத்துவது எளிது. போன கால் வளராது, ஒருமுறை உறுதியான வகை பெரும்பாலும் மாறாது. தலைவலி மற்றவர்களுக்குத்தான். சோதனை மூன்று கட்டமாக நடக்கும்: மேசையில் படுக்க வைத்துத் தசை வலு, மூட்டு அசைவு, ஒருங்கிணைவு பார்ப்பது, நீரில் இறக்கிப் பார்ப்பது, பிறகு பந்தயத்தில் கவனிப்பது. இதில் வரும் சிக்கல்கள்:

1. எல்லைக் கோடு. எஸ்9-இன் அகலம் 25 புள்ளி. 265 பெற்றவரும் 242 பெற்றவரும் ஒரே பந்தயத்தில் நிற்பார்கள். மேல்நுனியில் இருப்பவருக்குச் சாதகம். ஒரு புள்ளி கூடினால் அவரே எஸ்10-இன் அடிமட்டம். பதக்கம் வாங்குபவர் யார் என்பதைச் சில நேரம் அந்த ஒரு புள்ளி தீர்மானிக்கும்.

2. மாறும் உடல்நிலை. தசைநோய்கள் முற்றலாம், நரம்புப் பாதிப்பு ஓரளவு குணமாகலாம். லண்டனில் எஸ்6 பிரிவில் தங்கம் வென்ற அமெரிக்காவின் விக்டோரியா ஆர்லன், குறைபாடு நிரந்தரமானது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2013-இல் தகுதி நீக்கப்பட்டார்.

3. விதி மாற்றம். 2018-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், நீரில் செய்யும் சோதனையைக் கடுமையாக்கியது. பிரேசிலின் ஆந்த்ரே பிரசில் போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டவர். எஸ்10-இல் பல பாராலிம்பிக் தங்கம் வென்றவர். 2019 மறுசோதனையில் தகுதியில்லை என்று முடிவானது. அவருடைய உடல் மாறவில்லை, அளவுகோல் மாறியது. இந்த முறையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது; விதியை மாற்றுபவர்கள் பழையவர்களுக்கு ஒரு மாறுகாலம் தந்திருக்கலாம்.

4. நடிப்பு. சோதனையில் வேண்டுமென்றே வலுவைக் குறைத்துக் காட்டுவது. பந்தயத்தில் கவனிக்கும் மூன்றாம் கட்டம் இதற்காகத்தான். கண்டுபிடித்தால் பல ஆண்டுத் தடை.

ஒற்றைக் கால் நீச்சலாளரைப் பயிற்றுவிப்பவர் பார்க்க வேண்டியவை

முழங்காலோடு அல்லது அதற்கு மேல் காலிழந்த ஒருவர் குளத்துக்கு வந்தால், பயிற்சியாளர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் சில.

1. அறுவைக் காயம் முழுவதும் ஆறி, தையல் விழுந்து, மருத்துவர் சொன்ன பிறகே நீர். ஆறாத காயத்தில் குளோரின் நீர் பட்டால் தோல் வெடிக்கலாம். கிருமித் தொற்று வந்தால் செயற்கைக் கால் பொருத்துவதே மாதக் கணக்கில் தள்ளிப்போகும்.

2. உடை மாற்றும் அறையிலிருந்து குளம் வரை உள்ள ஈரத் தரைதான் குளத்தைவிட ஆபத்து. ஊன்றுகோலின் ரப்பர் முனை தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். செயற்கைக் காலை நீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும். குளோரினும் உப்பும் முழங்கால் இணைப்பை அரிக்கும்.

3. உறையும் சாக்கெட்டும் (செயற்கைக் காலில் தொடை நுழையும் கூடு) இல்லாமல் நீண்ட நேரம் இருந்தால் எஞ்சிய தொடைப்பகுதி வீங்கலாம். பயிற்சி முடிந்ததும் கால் சாக்கெட்டுக்குள் போக மறுப்பது இதனால்தான். அழுத்தி நுழைக்கக் கூடாது. துடைத்து, உலர்த்தி, இறுக்கத் துணி சுற்றிக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும்.

4. தொடைகளுக்கு நடுவே வைக்கும் ‘புல் பாய்’ (pull buoy) மிதவை ஒரு பக்கம் நழுவும். பட்டையால் கட்டலாம். ஆனால் அதையே நம்பிப் பழகினால் சமநிலை கற்கும் வாய்ப்பு போய்விடும். கைப்பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மீதி நேரம் மிதவையில்லாமல் நீந்தவிடுவது நல்லது.

5. இருக்கும் கால் குறுக்கே உதைப்பதைத் தவறு என்று திருத்தப் போகாதீர்கள். அது உடல் தானே கண்டுபிடித்த ஈடு. குறுக்கு உதை இடுப்பையே திருகும் அளவுக்குப் பெரிதானால் மட்டும் சுருக்கச் சொல்லலாம்.

6. மூச்சு இரு பக்கமும் எடுக்கப் பழக்க வேண்டும். இயல்பாகவே ஒரு பக்கம்தான் சௌகரியமாக இருக்கும். அதிலேயே விட்டால் ஒரு தோள் மட்டும் சுமையேற்று வலிக்கத் தொடங்கும். கால் செய்யாத வேலையைக் கை செய்வதால் இவர்களுக்குத் தோள் காயமே முதல் எதிரி. கைப்பட்டை (உள்ளங்கையில் மாட்டும் துடுப்புத் தட்டு) அணிந்து நீந்தும் தூரத்தை வாரா வாரம் மெல்லத்தான் கூட்ட வேண்டும்.

7. டைவுக்கு, இருக்கும் காலின் விரல்கள் மேடை விளிம்பைப் பற்ற, இரு கைகளும் விளிம்பைப் பிடித்த நிலையில் தொடங்கலாம். ஒற்றைக் காலில் நிற்க முடியாதவர் மேடையில் உட்கார்ந்தோ நீரிலிருந்தோ தொடங்க விதி அனுமதிக்கிறது.

8. டர்னில் பாதம் சுவரில் படும் இடத்தை உடலின் நடுக்கோட்டுக்கு நேராக நகர்த்தச் சொல்ல வேண்டும். அந்தக் காலின் பக்கத்து இடுப்புக்கு நேராக வைத்து உந்தினால் திருகல் வரும். இதைத் தனியாக, சுவரிலிருந்து ஐந்து மீட்டருக்குள், நூற்றுக்கணக்கில் செய்ய வைத்தால்தான் படியும்.

வேகப்பந்தயத்தில் பதக்கம் வாங்கும் ஆசையில் எல்லோரையும் 50 மீட்டருக்கே தயார்செய்யும் வழக்கம் நம்மூர்க் குளங்களில் உண்டு. காலிழந்த பிள்ளை ஒன்று 400 மீட்டரைச் சலிக்காமல் நீந்துகிறது என்றால், அதன் நேரத்தை 50 மீட்டரோடு ஒரே தாளில் எழுதி, அந்தந்தத் தூரத்தின் பொதுப் பிரிவு மாநில நேரத்தோடு நூற்றுக்கு எவ்வளவு பின்தங்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்தத் தூரத்தில் அந்த எண் சுருங்குகிறதோ அந்தத் தூரத்துக்குப் பயிற்சி அட்டவணையை மாற்றலாம்.